மலைப்பக்கம் எறிந்தவள்

ஈட்டி எறிகிற யாரும், எறிந்தவுடன் அது போகிற போக்கைத்தான் பார்ப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர் பார்க்க மாட்டாள். ஈட்டி கையை விட்டதும் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஈட்டி மண்ணில் குத்தி, ஆடி அடங்கிய பிறகுதான் நிமிர்வாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்களோடு நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை அவளுக்கு உண்டாக்கி வைத்தவளே நான்தான் என்பதால் வந்த ரோஷம் அது.

நான் அதே பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். ஐம்பதுகளின் நடுவில் அவள் வந்து சேர்ந்தபோது எனக்கு இரண்டு குழந்தைகள்; அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். சின்ன வயசில் கம்பங்கொல்லையில் கிளி விரட்டக் கல் எறிந்து எறிந்து உரமேறிய கை. மதராஸில் டிரில் டீச்சர் படிப்புக்குப் போன இடத்தில் அந்தக் கையைப் பார்த்து யாரோ ஒரு மூங்கில் ஈட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அதோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கே வேலைக்கு வரும்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஓர் ஈட்டி. பஸ் கூரை மேல் ஈட்டியைக் கட்டிக்கொண்டு வந்திறங்கிய முதல் டீச்சர் இவளாகத்தான் இருக்கும்.

அந்தத் தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தாள். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் கத்தரித்தது. செக் நாட்டுக்காரி ஒருத்தி, ஈட்டியைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

"அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்க்கா. வயசும் முப்பது கிட்டயாம். இன்னும் எறிஞ்சிக்கினுதான் இருக்கா" என்பாள்.

"அவ புருஷனுக்குச் சோறு யாரு வடிக்கிறாங்களாம்?"

"போங்கக்கா. உங்ககிட்டச் சொன்னேன் பாரு."

அவளிடம் ஒரு குணம் இருந்தது. குணம் என்பதா, வியாதி என்பதா தெரியவில்லை. வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை அப்படியே செய்து தீர்ப்பாள். எழுத்துப் பிசகாது. ஒரு தடவை கோகோ ஆடும் பிள்ளைகளிடம், நாளைக்கு நாலு மணிக்கு உங்களுக்குச் சுண்டல் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஹெட்மிஸ்ட்ரஸே லீவு எழுதி வீட்டில் படு என்று சொல்லி அனுப்பிவிட்டார். நாலு மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு கேட்டில் நிற்கிறாள். பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. ஆளுக்கு ஒரு கை சுண்டல் கொடுத்துவிட்டு, வந்த வழியே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் போய்த் திட்டினேன். "சொன்னா சொன்னதுதான்க்கா" என்றாள். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

இன்னொரு தடவை ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் அவளைச் சீண்டினாள். "மதராஸ்ல எடுக்கற வரைக்கும் நீ ஒரு வேளை காபியைக் கூட விடமாட்டே, நீயெல்லாம் இன்னா எறியறது" என்று. "சரி, எடுக்கற வரைக்கும் தொடல" என்று கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். காபி என்றால் உயிர் அவளுக்கு. நான் குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆவி மட்டும் இப்படி வரட்டும்க்கா" என்பாள். சிரிப்பு வரும், பாவமாகவும் இருக்கும். கணக்கு டீச்சரே பிறகு, "ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னேம்மா, குடி" என்று கெஞ்சினாள். ம்ஹூம்.

எடுப்பது என்றால், மதராஸ் ராஜ்ய அணிக்கு எடுப்பது. வருஷத்துக்கு ஒரு முறை மதராஸில் எறியவிட்டு ஆள் பொறுக்குவார்கள். அதில் தேறினால் வடக்கே எங்கேயோ நடக்கும் அகில இந்தியப் பந்தயத்துக்கு ரயில் ஏறலாம். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. புடவை, நகை, சினிமா எதிலும் ஆசை கிடையாது.

இனி அந்தக் கன்னத்துக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி மைதானம் கிழக்கு மேற்காக நீளம். கிழக்கே பார்த்து எறிந்தால் மதில் தாண்டி ரோடு. வடக்கு தெற்காக எறிய அகலம் போதாது. மேற்கே எறியலாம்; ஆனால் மேற்கே அண்ணாமலை நிற்கிறது. எங்கள் ஊரில் அது மலை இல்லை, சாமி. காலையில் கதவைத் திறந்ததும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்போம். அந்த மலையைக் குறிபார்த்து ஒரு பெண்பிள்ளை ஓடி ஓடி ஈட்டி விட்டால் ஊர் சும்மா இருக்குமா? பள்ளியின் கரஸ்பாண்டெண்ட் ஒரு பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். அவரே ஒருநாள் சாயங்காலம் கண்ணால் பார்த்துவிட்டார். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"எதைப் பாத்தும்மா எறியறே? அது கல்லுன்னு நெனச்சிக்கினியா?"

அவளுக்குக் கண் ததும்பி நின்றது. "அந்தப் பக்கம்தாங்க எடம் இருக்குது" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

"எடம் இருந்தா? சாமி மேல எறிவியா? நாளையிலேர்ந்து அந்த வேலையே வேணாம்."

எனக்கு வாய் சும்மா இருக்காது, அன்றும் இருக்கவில்லை. "ஐயா, ஒவ்வொரு தடவை எறியறப்பவும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டா ஆகாதுங்களா?" என்றேன்.

கரஸ்பாண்டெண்ட் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. "நீ போட்டுக்குவியாம்மா? ஒரு தடவ கூட வுடாம?" என்று அவளைக் கேட்டார்.

"போட்டுக்கறேங்க" என்றாள்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கும் பெருமைதான். ஊர்ப் பஞ்சாயத்தையே தீர்த்துவிட்ட நினைப்பு. அன்றிலிருந்து எறிதல், குனிதல், கன்னத்தில் போட்டுக்கொள்ளுதல் மூன்றும் ஒரே வீச்சாகிவிட்டது.

முதல் வருஷம் மதராஸ் போனாள், கேட்ட அளவுக்கு ஒன்றரை அடி குறைந்து போயிற்று. அடுத்த வருஷம் அதே ஒன்றரை அடி. அங்கே அளவு பார்க்கிற பெரியவர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "கை நல்லாத்தான் இருக்கு. ஈட்டி கையை விடறதுக்கு முன்னாடியே தலை தொங்கிடுதே, அது ஏன்? தலை போற பக்கம்தான் தோள் போகும். நிமிர்ந்து பார், அஞ்சடி தானா வரும்" என்று சொல்லியனுப்பினாராம். ஊருக்கு வந்து அதை என்னிடம் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம்.

"மதராஸ்ல ஏதுடி மலை? அங்க கரஸ்பாண்டெண்டா வந்து குந்திக்கினு இருக்காரு? ஒரு நாளைக்கு வுட்டா என்ன?"

"எறியறப்ப போட்டுக்கறேன்னு சொன்னேன்க்கா. திருவண்ணாமலையில எறியறப்ப மட்டும்னு சொல்லலியே."

இவளை என்ன செய்வது? தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வருஷம் அவளுடைய அண்ணன் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். பெண் கேட்டு ஓர் இடம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு முதல் சம்சாரம் செத்துப்போய்விட்டது, நிலம் நீச்சு இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் குச்சி எறிந்துகொண்டிருப்பாய் என்று கேட்டார். அவள், "இந்த ஒரு வருஷம் குடுண்ணா. எடுக்கலன்னா நீ காட்டற எடத்துல கழுத்தை நீட்டறேன்" என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் அப்படிச் சொன்னால் அது பேச்சு. இவள் சொன்னால் நடந்துவிடும்.

மதராஸுக்குப் போக ஒரு வாரம் இருந்தது. பள்ளிவிட்டு, மைதானத்து ஓரத்தில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். என் பாழாய்ப்போன மூளை அன்றைக்கும் வேலை செய்தது.

"ஏண்டி, எறியறப்ப போட்டுக்கறேன்னுதானே சொன்னே? எறிஞ்ச பின்னாடின்னு சொன்னியா?"

"இல்லியே."

"அப்ப முன்னாடியே போட்டுக்க. நின்ன எடத்துல மலையைப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறம் ஓடிப்போய் எறி. தலையை நிமித்தி வெச்சிக்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னத்தைச் சொல்ல. முகமெல்லாம் பூத்துப்போயிற்று. ஆனாலும் அவள் அவள்தானே. கரஸ்பாண்டெண்ட் வீட்டுக்குப் போய் அவரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்றாள். இருவரும் போனோம். அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். "முன்னாடி கேட்டா இன்னும் நல்லதுதாம்மா. எதுக்கும் மொதல்லயே உத்தரவு வாங்கிக்கறது மொறதானே" என்று சந்தோஷமாகவே தலையாட்டினார்.

கரஸ்பாண்டெண்டிடம் சொன்னோம். மலையிடம் சொன்னோம். பொன்னம்மாவிடம் சொல்லவில்லை.

பொன்னம்மா எங்கள் பள்ளி ஆயா. மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து தினமும் நடந்து வருவாள். தண்ணீர் நிரப்பி, பெஞ்சு துடைத்து, மணியடித்து முடித்தபின், சாயங்காலம் மைதானத்தில் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எறிந்த ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து கொடுப்பது அவளாக எடுத்துக்கொண்ட வேலை. யாரும் சொல்லவில்லை. டிரில் டீச்சர் மேல் அவளுக்கு ஒரு வாஞ்சை. "ஈட்டியம்மா" என்றுதான் கூப்பிடுவாள். காது சுத்தமாகக் கேட்காது. கண்ணும் மட்டம். பறக்கிற மூங்கிலை வானத்தில் தேடிப் பிடிக்க அவளால் ஆகாது. டீச்சரின் இரண்டு கையும் கன்னத்துக்குப் போனால் ஈட்டி கையை விட்டாயிற்று, இவள் எழுவதற்குள் விழுந்துவிடும், புறப்பட வேண்டியது. மூன்று வருஷமாக அதுதான் அவளுக்குச் சைகை. ஒருநாளும் தப்பு நடந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம். புடவையை வாரிச் சொருகிக்கொண்டு டிரில் டீச்சர் ஓட ஆரம்பிக்கிற இடத்தில் வந்து நின்றாள். நான் பக்கவாட்டில் நின்றுகொண்டேன். அவள் தலையை மட்டும் பார்ப்பது, குனிந்தால் கத்துவது, இதுதான் எனக்கு வேலை. வேறெதையும் நான் பார்க்கவில்லை. அவள் மலை உச்சியைப் பார்த்தாள். ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிதானமாக, மூன்று தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஈட்டியைத் தோளுக்கு ஏற்றினாள். ஓடினாள்.

எறிந்தபோது தலை குனியவில்லை. "சபாஷ்!" என்று நான் கத்தினேன். கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது. அவள் நிமிர்ந்தபடியே நின்று ஈட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

பொன்னம்மா மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். முதலில் எனக்கு ஈட்டிதான் தெரிந்தது. தொடையில் இறங்கியிருந்தது.

வாட்ச்மேன் ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். டிரில் டீச்சர் அவளை மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் பொன்னம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"கன்னத்துல போட்டியேம்மா? நீ போட்டதப் பாத்துட்டுத்தானே வந்தேன்?"

காது கேட்காதவளிடம் என்னவென்று விளக்குவது? டிரில் டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். ஆமாம் என்று ஆட்டினாளா, இல்லை என்று ஆட்டினாளா, எனக்குத் தெரியவில்லை.

காயம் ஆறிவிடும் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆறாம் நாள் பொன்னம்மாவுக்குக் கழுத்து விறைத்தது, வாய் பூட்டிக்கொண்டது; ரண ஜன்னி என்றார்கள். மதராஸில் ஆள் பொறுக்கிய அன்று டிரில் டீச்சர் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பொன்னம்மாவின் உதட்டில் தடவிக்கொண்டிருந்தாள். போகச் சொல்லி நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். மறுநாள் விடியும் முன் பொன்னம்மா போய்விட்டாள். அடி அண்ணாமலையில் எரித்துவிட்டு வந்தார்கள். பொன்னம்மாவின் மகள் மண்ணை வாரித் தூற்றியபோது டிரில் டீச்சர் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மண் முழுக்கத் தன் மேல் விழும்வரை நின்றாள்.

அப்புறம் ஊர் பேசியது. சாமி மேல் எறிந்தால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். முன்னே கேட்ட மன்னிப்பு செல்லாது, குற்றத்துக்குப் பின்னே கேட்பதுதான் மன்னிப்பு என்று ஒருவர் என் வீட்டு வாசலிலேயே நின்று வியாக்கியானம் செய்தார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன், ஓடிவிட்டார்.

அவள் அண்ணனுக்குக் கொடுத்த வாக்குப்படி கழுத்தை நீட்டினாள். கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். தாலி ஏறும்போது பந்தலில் யாரோ காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.  இனி அவள் வாழ்நாளில் அதைக் குடிக்கப்போவதில்லை என்று அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும். சில வருஷம் கழித்து அந்தச் செக் நாட்டுக்காரி படம் மறுபடியும் பேப்பரில் வந்தது. இன்னும் எறிந்துகொண்டுதான் இருந்தாள். முகத்தில் வயசு தெரிந்தது. கத்தரித்து எடுத்தேன், அனுப்பத்தான் கை வரவில்லை.

ஊரைவிட்டுப் போகிற அன்று பஸ் ஸ்டாண்டில் அவளை வழியனுப்ப நின்றேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரமாகக் குனிந்து, "நீங்க சொன்ன மாதிரியே தலையை நிமித்தித்தான் வெச்சிருந்தேன்க்கா. கடைசி வரைக்கும் பாத்தேன்" என்றாள். குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். பொன்னம்மா செத்த மறுநாள் போலீஸ் விசாரணைக்கு வந்தது.

இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். எறிந்த கோட்டிலிருந்து ரத்தம் கிடந்த இடம்வரை அளக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்து டேப்பையே கொடுத்தோம். ஒரு நுனியை நான் பிடித்தேன், மறுநுனியைக் கான்ஸ்டபிள் பிடித்தார். டிரில் டீச்சர் பக்கத்தில் வந்து பார்த்தாள். "தொய்வா இருக்குதுங்க. இழுத்துப் புடிங்க, ஜாஸ்தி காட்டுது" என்றாள். இன்ஸ்பெக்டர் அவளை ஒருமாதிரி பார்த்தார். இழுத்துப் பிடித்தும், மதராஸில் கேட்கிற அளவைவிட மூன்றரை அடி கூடவே இருந்தது. கான்ஸ்டபிள் உரக்கப் படித்தார், இன்னொருவர் எழுதிக்கொண்டார். அவள் எறிந்ததிலேயே தூரமானது அதுதான். அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு ஆபீஸ் ரூமில் உட்காரவைத்துக் கேட்டார்கள். கரஸ்பாண்டெண்ட், ஆயாதான் பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டாள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். டிரில் டீச்சர் எழுந்து நின்றாள்.

"இல்லீங்க. அவங்க பாத்துதான் வந்தாங்க. எப்பவும் எறிஞ்சப்புறம் கன்னத்துல போட்டுக்குவேன். அன்னிக்கி முன்னாடியே போட்டுக்கினேன். மாத்துனத அவங்ககிட்டச் சொல்லல."

"மாத்தணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

நான் அவள் வாயையே பார்த்தேன். பொய் என்பதே வராத வாய் அது. கொடுத்த வாக்குக்குக் காய்ச்சலோடு எழுந்து வந்தவள். கரஸ்பாண்டெண்டுக்கும் தெரியும், ஆனால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் யோசிச்சேன்" என்றாள்.

அவள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். இன்ஸ்பெக்டர் எழுதி முடித்தார். பேனாவை மூடப்போனவர், என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கூடவே இருந்திருக்கீங்களே. இவங்க சொல்றது சரிதானா?"

எனக்கு வேலை இருந்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தன. காரணங்களுக்கு என்ன பஞ்சம்.

"ஆமாங்க" என்றேன்.